கிளாசிக் 350, ஸ்ப்ளெண்டர் ரெண்டுக்கும் ஜிபிஎஸ் டிராக்கர்: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது?

வைகை_350

வணக்கம் நண்பர்களே. வீட்டில் ரெண்டு வண்டி. ஒன்று 2022 மாடல் கிளாசிக் 350, இன்னொன்று அப்பா ஓட்டும் பிஎஸ்6 ஸ்ப்ளெண்டர் பிளஸ். மதுரையில் தெருவை ஒட்டிய வீடு, உள்ளே நிறுத்த இடம் கிடையாது. ராத்திரி ரெண்டும் வாசலில்தான் நிற்கும். கிளாசிக் வாரத்தில் அஞ்சு நாள் ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் காலையிலிருந்து ராத்திரி வரை கிடக்கும். ஸ்ப்ளெண்டரை அப்பா சில சமயம் பத்து நாள் வரை எடுக்கவே மாட்டார்.

ஆன்லைனில் 1,300 ரூபாயிலிருந்து 5,000 வரை டிராக்கர் இருக்கிறது. ஒயர் கொடுத்து மாட்டுவது, காந்தத்தில் ஒட்டுவது, ஏர்டேக் மாதிரி புளூடூத் வில்லை என்று பல வகை. ரெண்டு வண்டிக்கும் சேர்த்து 7,000 வரை செலவு செய்யலாம் என்று இருக்கிறேன். போன் ஆண்ட்ராய்டு. என் சந்தேகங்கள்: பேட்டரி இறங்குமா? ஜியோ சிம் போட்டால் ஓடுமா? போனிலிருந்தே இன்ஜினை நிறுத்தும் வசதி தேவையா? டிராக்கர் இருந்தால் இன்சூரன்ஸில் ஏதாவது குறையுமா?

ஒயரிங்_பட்டறை

உங்கள் ரெண்டு வண்டிக்கும் ஒரே பதில் சரிவராது. பேட்டரியிலிருந்தே கணக்கைத் தொடங்குங்கள்.

கிளாசிக்கில் இருப்பது 12 வோல்ட் 8 ஏஎச் (ஆம்ப் அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு). ஸ்ப்ளெண்டரில் வெறும் 3 ஏஎச். ஒயர் டிராக்கர் தூங்காமல் விழித்தே இருந்தால் சுமார் 40 மில்லி ஆம்ப் இழுக்கும். ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 1 ஏஎச் போய்விடும். ஸ்ப்ளெண்டரின் பாதி பேட்டரி ஒன்றரை நாளில் காலி, கிளாசிக்கின் பாதி நாலு நாளில் காலி. அதே கருவி ஒழுங்காகத் தூங்கினால் 5 மில்லி ஆம்ப்தான். வண்டியே சும்மா நிற்கும்போது எடுக்கும் 2 மில்லி ஆம்பைச் சேர்த்தால் 7. அப்போது பாதி இறங்க ஸ்ப்ளெண்டருக்கு 9 நாள், கிளாசிக்குக்கு 24 நாள் ஆகும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுசு குறையும், அதனால்தான் பாதியோடு நிறுத்திக் கணக்குப் போடுகிறேன். இது புது பேட்டரிக்கான கணக்கு. மூணு வருஷ பேட்டரியாக இருந்தால் இந்த நாட்களில் நல்ல பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உங்கள் கிளாசிக்கில் கிக்கர் கிடையாது. பேட்டரி படுத்தால் தள்ளித்தான் கிளப்பணும். ஸ்ப்ளெண்டரில் கிக்கர் இருந்தாலும் அது இப்போது எஃப்ஐ வண்டி, அதாவது மின்சாரத்தில் ஓடும் பம்பும் இன்ஜெக்டரும் பெட்ரோலைப் பாய்ச்சும் வண்டி. பேட்டரி அடியோடு செத்துவிட்டால் பழைய கார்புரேட்டர் வண்டி மாதிரி ஒரே உதையில் கிளம்பும் என்று நம்ப வேண்டாம்.

அதனால் கிளாசிக்குக்கு ஒயர் டிராக்கர். பெட்டியில் இருக்கும் விவரச்சீட்டில் "ஸ்லீப் மோட்" மின்னோட்டம் மில்லி ஆம்பில் தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். போடாத கருவியை வாங்காதீர்கள். பத்து நாள் சும்மா நிற்கும் ஸ்ப்ளெண்டருக்கு ரெண்டே வழிதான். ஒன்று, அதே கருவியை மாட்டிவிட்டு வாரம் ஒரு தடவை அரை மணி நேரமாவது ஓட்டுவது. அப்பா அதற்கு ஒத்துவர மாட்டார் என்றால் ஒயரே வேண்டாம், நல்ல டிஸ்க் லாக்கோ செயினோ, கூட ஒரு புளூடூத் வில்லை. ஸ்ப்ளெண்டர் டிரம் பிரேக் மாடலாக இருந்தால் டிஸ்க் லாக் போடவே முடியாது. அப்போது பின்சக்கரத்தையும் வாசல் கம்பியையும் சேர்த்து செயின் போடுங்கள்.

காந்த டிராக்கரை பைக்குக்கு யோசிக்கவே வேண்டாம். மாசக்கணக்கில் சார்ஜ் நிற்கிறது என்று விற்பார்கள். 10,000 எம்ஏஎச் பேட்டரியோடு செங்கல் மாதிரி இருக்கும், பைக்கில் அதை ஒளிக்க இடம் ஏது? அதோடு மாசக்கணக்கு என்பது ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் இருப்பிடம் அனுப்பினால்தான். லாரிக்கும் ஜேசிபிக்கும் அது சரி.

சிக்னல்_கம்பம்

சிம் பற்றி நான் சொல்கிறேன். டிராக்கர் திடீரென்று வாயை மூடிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் கருவி கிடையாது, சிம்தான்.

1,300 ரூபாய்க்கு வருவது பெரும்பாலும் 2ஜி மட்டும் பேசும் கருவி. ஜியோவிடம் 2ஜி நெட்வொர்க்கே கிடையாது, அதனால் ஜியோ சிம் போட்டால் விளக்கு மட்டும் மின்னும். ஏர்டெல், வி சிம்மில் இன்றைக்கு ஓடும், ஆனால் இன்னும் அஞ்சு வருஷம் வைத்திருக்கப்போகும் கருவியை 2ஜியை நம்பி வாங்காதீர்கள். 4ஜி கருவியே வாங்குங்கள், அதிலும் பேண்ட், அதாவது அலைவரிசை எண், பார்த்து வாங்குங்கள். நம் ஊருக்கு 3, 5, 8, 40 இருக்க வேண்டும். ஜியோவுக்கு 3, 5, 40. வெளிநாட்டுச் சந்தைக்காகச் செய்ததைத் தள்ளுபடியில் விற்பார்கள். அதில் 40 இல்லாமல் போகலாம், ஊருக்குள் ஒரு தெருவில் எடுக்கும், அடுத்த தெருவில் எடுக்காது.

சிம்மோடு சேர்த்து விற்கும் கம்பெனிகள் 13 இலக்க எண் கொண்ட எம்2எம் (கருவிகளுக்கென்றே உள்ள) சிம் தருவார்கள். வசதிதான், ரீசார்ஜ் தலைவலி இல்லை. ஆனால் முன்கூட்டிப் பதிந்த எண்களோடும் சர்வரோடும் மட்டும்தான் அது பேசும். சந்தாவை மறந்தால் அன்றைக்கே ஆப் இருட்டாகிவிடும். அந்தக் கம்பெனி கடையைச் சாத்தினாலும் அதே கதிதான். கருவியில் உங்கள் சொந்த சிம்மைப் போட முடியுமா, சர்வர் முகவரியை மாற்ற முடியுமா என்று ரெண்டு கேள்வி கேளுங்கள். ரெண்டுக்கும் ஆமாம் என்றால் 1,000 ரூபாய் கூடக் கொடுக்கலாம். இல்லையென்றால் ஆண்டுச் சந்தாவை அஞ்சால் பெருக்கி, அதையும் கூட்டிக்கொண்டு விலையை ஒப்பிடுங்கள்.

சொந்த சிம் போட்டால் டேட்டா பெரிதாக ஆகாது. பத்து வினாடிக்கு ஒரு தடவை இருப்பிடம் அனுப்பி, தினம் ரெண்டு மணி நேரம் ஓட்டினாலும் மாசத்துக்குப் பத்து எம்பிக்குள் முடிந்துவிடும். ஆகவே டேட்டா அளவைப் பார்க்காதீர்கள், நாள் கணக்கைப் பாருங்கள். ஆண்டு பிளான் ஒன்று போட்டு, முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் போனில் நினைவூட்டல் வையுங்கள். சிம்மின் பின் நம்பர் லாக்கை எடுத்துவிட்டுத்தான் கருவியில் போட வேண்டும். போட்டவுடன் ஏபிஎன்னை, அதாவது சிம் இன்டர்நெட்டில் சேரும் வாசல் பெயரை, பதியுங்கள். ஏபிஎன் தப்பாக இருந்தால் எஸ்எம்எஸுக்குப் பதில் வரும், ஆப்பில் மட்டும் ஆஃப்லைன் என்று நிற்கும். கடைக்காரர் கருவி போச்சு என்பார், கேட்காதீர்கள்.

கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். மலிவு டிராக்கர்களில் பெரும்பாலும் 123456 என்றேதான் வரும். கருவியின் அடையாள எண்ணான ஐஎம்இஐதான் லாகின், அதில் ஒரு இலக்கத்தை மாற்றினால் அடுத்தவர் வண்டி தெரியும் என்கிற அளவுக்கு ஓட்டையான ஆப்கள் உண்டு. 2022 ஜூலையில் மைகோடஸ் எம்வி720 என்ற டிராக்கரைப் பற்றி அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமையே எச்சரிக்கை வெளியிட்டது. வெளியாள் உள்ளே புகுந்து இருப்பிடம் பார்க்கவும் எரிபொருளை நிறுத்தவும் வழி இருந்தது. வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்கு வீட்டில் ஆள் இல்லை என்று திருடனுக்குச் சொல்லிக்கொடுக்க நாமே காசு கொடுக்கக் கூடாது இல்லையா?

கார்பன்_பிரஷ்

இன்ஜின் கட் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் ஓட்டு, மாட்டுங்கள். மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான ஐந்து முனை ரிலே ஒன்று 150 ரூபாய். இருப்பிடம் தெரிந்து நீங்கள் கிளம்புவதற்குள் வண்டி திருமங்கலம் தாண்டிவிடும். ஒரு கட்டளை அனுப்பினால் இருந்த இடத்திலேயே நிற்கும்.

ஒயரிங்_பட்டறை

நிற்கும், அதுதான் பயம். பின்னால் பஸ் வரும்போது நடு ரோட்டில் நின்றால்? திருடன் ஓட்டினாலும் விபத்து விபத்துதான். வேகம் 20 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் மட்டும் துண்டிக்கும் ஏற்பாடு உள்ள கருவியாக இருந்தால் ஒழிய மாட்டாதீர்கள்.

மாட்டுவது என்று முடிவு செய்தால் மாட்டும் முறை முக்கியம். ரெண்டுமே எஃப்ஐ வண்டி, ஆகவே துண்டிக்க வேண்டியது ஃபியூயல் பம்புக்குப் போகும் பாசிட்டிவ் ஒயர். இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியுவின் மெயின் சப்ளையில் கைவைக்க வேண்டாம். ரிலேயின் 30, 87ஏ முனைகள் வழியாக அந்த ஒயரை ஓட விடுங்கள். அப்போதுதான் டிராக்கர் செத்தாலும் ரிலே சும்மா இருக்கும், பம்புக்கு மின்சாரம் போகும், வண்டி ஓடும். 87-ல் கொடுத்துவிட்டால் தலைகீழ். டிராக்கர் கெட்டுப்போன அன்றைக்கு நீங்கள்தான் தள்ளிக்கொண்டு போவீர்கள்.

ரிலேயை இழுக்கும் காயில் பக்கம் 86-ஐ பேட்டரியில் நேராகக் கொடுப்பார்கள், அது தப்பு. காயில் 150 மில்லி ஆம்ப் இழுக்கும். ராத்திரி கட் கட்டளை கொடுத்துவிட்டு எட்டு மணி நேரம் தூங்கினால் 1.2 ஏஎச் போச்சு, ஸ்ப்ளெண்டரில் அது கிட்டத்தட்ட பாதி பேட்டரி. 86-ஐ சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் இக்னிஷன் லைனில் கொடுங்கள், 85-ஐ டிராக்கரின் ரிலே ஒயரில் கொடுங்கள். திருடன் சாவி சுவிட்சின் ஒயர் கப்ளரைக் கழற்றி நேர் ஒயர் போட்டாலும் அந்த லைனில் மின்சாரம் வந்துதானே ஆக வேண்டும்? வந்தவுடன் ரிலே இழுத்துக்கொள்ளும், பம்பு ஓடாது. காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை 86 பக்கம். அது இல்லாவிட்டால் ரிலே விடும்போது வரும் திடீர் உயர் வோல்டேஜ் டிராக்கரின் அவுட்புட் டிரான்சிஸ்டரைக் காலி செய்துவிடும்.

அப்புறம் ரிலே பேஸ் மழைத்தண்ணி படாத இடத்தில், முனைகள் கீழ் நோக்கி இருக்கட்டும். பச்சை பூத்த ரிலே முனையால் மழைக்காலத்தில் விட்டுவிட்டு ஓடும் வண்டிகளுக்கு ஊரெல்லாம் இன்ஜெக்டர் கிளீன் செய்துகொண்டிருப்பார்கள்.

கார்பன்_பிரஷ்

86 இக்னிஷனில் என்பது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஸ்டேஷன் ஸ்டாண்டில் நாள் முழுக்க நிற்கும் வண்டிக்கு ரிலே தேவை என்றுதான் சொல்வேன். ரயில் ஏறும் முன்னால் கட் கொடுத்துவிட்டால் ஓடும்போது நிற்கும் பிரச்சினையே வராது, கிளம்பவே கிளம்பாது.

ஒயரிங்_பட்டறை

நிறுத்தியிருக்கும்போது மட்டும் கட் கொடுப்பது என்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் காலால் முட்டுக்கொடுத்து இன்னொரு வண்டியில் தள்ளிக்கொண்டு போகிறவனை எந்த ரிலேயும் தடுக்காது. அதற்கு டிஸ்க் லாக்.

வைகை_350

நன்றி அண்ணன்களே. கிளாசிக்குக்கு சொந்த சிம் போடும் 4ஜி ஒயர் கருவி, ஸ்ப்ளெண்டருக்கு செயினும் வில்லையும் என்று முடிவு செய்துவிட்டேன். கருவியை எங்கே ஒளிப்பது? பேட்டரியிலிருந்து ஒயர் எப்படி எடுப்பது? ஏர்டேக்கா, ஆண்ட்ராய்டு வில்லையா? இன்சூரன்ஸ் கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

ஒயரிங்_பட்டறை

இடம்: கருவியின் மேலே வானம் தெரிய வேண்டும். பிளாஸ்டிக், ரெக்ஸின், சீட் பஞ்சு குறுக்கே இருந்தால் பரவாயில்லை, இரும்பு கூடாது. டேங்க்குக்கு அடியில் வைத்தால் 13 லிட்டர் பெட்ரோலும் தகடும் தலைக்கு மேலே நிற்கும், சாட்டிலைட் எப்படித் தெரியும்? சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் ஆர்ஆர் யூனிட், சைலன்சர், இன்ஜின் ஹெட் பக்கமும் வேண்டாம். உள்ளே இருக்கும் சின்ன லித்தியம் பேட்டரி சூட்டில் உப்பிவிடும், திருடன் ஒயரை அறுத்த பிறகு கருவியை உயிரோடு வைத்திருக்கப்போவது அந்தப் பேட்டரிதான். சீட்டுக்குக் கீழே பேட்டரி பக்கத்திலேயே வைப்பது எல்லாரும் செய்வது, திருடன் முதலில் கைவைப்பதும் அங்கேதான். ஒயரை நீட்டி ஹெட்லைட் பக்கமோ பின் மட்கார்டு பக்கமோ கொண்டுபோங்கள். எங்கே மாட்டினாலும் கருவியில் மேல் பக்கம் என்று போட்டிருப்பது வானத்தைப் பார்க்கட்டும். கம்பெனி ஒயரிங் மேல் சுற்றியிருப்பது மாதிரியே கறுப்புத் துணி டேப் சுற்றுங்கள், பளபளக்கும் பிவிசி டேப் காட்டிக்கொடுத்துவிடும். கருவியின் நீல, சிவப்பு விளக்குகளையும் மறைத்துவிடுங்கள்.

பெரும்பாலான நாலு ஒயர் கருவிகளில் சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு எர்த், ஆரஞ்சு இக்னிஷன், மஞ்சள் ரிலே. ஆனாலும் உங்கள் கருவியின் விவரச்சீட்டைப் பார்த்துவிட்டே தொடுங்கள். சிவப்பை ஃபியூசோடு பேட்டரி பாசிட்டிவில், 2 ஆம்ப் ஃபியூஸ் போதும், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். கறுப்பை பேட்டரி நெகட்டிவிலேயே கொடுங்கள், பெயின்ட் அடித்த சேசிஸ் போல்ட்டில் வேண்டாம். ஆரஞ்சை சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் ஒயரில், டெயில் லைட் லைன் வசதி. இந்த ஆரஞ்சை ஒட்டாமல் விட்டால் சில கருவிகள் தூங்கவே தூங்காது. "டிராக்கர் பேட்டரியைத் தின்கிறது" என்ற புகாரில் நிறைய இந்த ஒரு ஒயரால் வருவது. ஒயரிங் கிட்டை வெட்ட வேண்டாம். வாரண்டி பாக்கி இருந்தால் வெட்டிய இடத்தைக் காட்டியே மறுத்துவிடுவார்கள். இன்சுலேஷனை மட்டும் சீவி, சுற்றி, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள்.

மாட்டி முடித்ததும் அளந்து பாருங்கள். சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்ப் துளையில் வைத்துத் தொடராக இணையுங்கள். பத்து நிமிஷம் வண்டியைத் தொடாதீர்கள், அதிர்வு பட்டாலே கருவி விழித்துக்கொள்ளும். அளவு விழுந்த பிறகு மில்லி ஆம்ப் துளைக்கு மாற்றலாம், மாற்றும்போது கிளிப் விடுபட்டால் கருவி மறுபடி கிளம்பும், திரும்பக் காத்திருக்கணும். மொத்தம் 10 மில்லி ஆம்புக்குள் இருந்தால் சரி. மீட்டர் இருக்கும்போது செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும்.

சிக்னல்_கம்பம்

வில்லை விஷயம். ஏர்டேக்கைப் பதிவு செய்யவே ஐபோனோ ஐபேடோ வேண்டும், உங்களுக்கு ஆகாது. அது பக்கத்தில் போகும் ஆப்பிள் போன்களை வைத்துத்தான் இருப்பிடம் சொல்லும். ஆண்ட்ராய்டுக்கு கூகுளின் ஃபைண்ட் ஹப் நெட்வொர்க்கில் சேரும் வில்லை வாங்குங்கள். நம் தெருவில் ஆண்ட்ராய்டுதானே அதிகம். ஆனால் அந்த நெட்வொர்க் இயல்பாக ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில்தான் நன்றாகக் காட்டும், ஒதுக்குப்புறக் கொட்டகையில் வண்டி கிடந்தால் தெரியாமல் போகலாம். ரெண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. தெரியாத வில்லை கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கை போகும். மனுஷரை வேவு பார்ப்பதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. ஆகவே வில்லையைத் தேடி எடுக்க ஸ்பேனர் தேவைப்படும் இடத்தில் வையுங்கள். கிளாசிக்கிலும் ஒன்று போடலாம். ஒயர் கருவியைக் கண்டுபிடித்துப் பிடுங்கியவன் இன்னொன்று இருக்கும் என்று தேடுவது குறைவு. சிஆர்2032 பேட்டரியை வருஷம் ஒன்று மாற்றிவிடுங்கள்.

ஆப் அலாரம் வராமல் போவதற்குப் பாதிக் காரணம் போன். ஷாவ்மி, விவோ, ஓப்போ போன்களில் அந்த ஆப்புக்கு ஆட்டோஸ்டார்ட் அனுமதி கொடுத்து, பேட்டரி சேவரிலிருந்து விலக்குங்கள். அதிர்வு எச்சரிக்கையை நடுத்தரத்தில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் ஸ்டாண்டில் பக்கத்து வண்டி எடுக்கும்போதெல்லாம் அடிக்கும், மூணாம் நாள் நீங்களே அணைத்துவிடுவீர்கள். ஜியோஃபென்ஸ், அதாவது வண்டி தாண்டினால் எச்சரிக்கும் வட்டம், 200 மீட்டருக்குக் குறையக் கூடாது. நிற்கும் வண்டியின் புள்ளியே வரைபடத்தில் அங்கே இங்கே தாவும். கருவி போன் செய்து எழுப்பும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், ராத்திரி ரெண்டு மணிக்கு நோட்டிஃபிகேஷன் யாரை எழுப்பும்? அதற்கு சிம்மில் வாய்ஸ் இருக்க வேண்டும்.

கிளைம்_ஃபைல்

இன்சூரன்ஸ். முதலில் உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். 2018 செப்டம்பரிலிருந்து புது டூ வீலருக்கு அஞ்சு வருஷத் தேர்ட் பார்ட்டி கட்டாயம். நம் வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்கும் பணம் தரும் சொந்தச் சேதப் பகுதியைப் பெரும்பாலும் முதல் வருஷம் மட்டும்தான் போட்டிருப்பார்கள். பலர் அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதைப் புதுப்பிப்பதே இல்லை. தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாய் வராது. டிராக்கர் வாங்கும் முன்னால் இதைச் சரிசெய்யுங்கள். டிராக்கருக்குத் தள்ளுபடி என்பது ஏஆர்ஏஐ (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) சான்று பெற்ற கருவிக்கு மட்டும். பழைய டாரிஃப்படி சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், 1,500 ரூபாய்க்கு 37 ரூபாய் 50 காசு. அதற்காகக் கருவியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏஐஎஸ் 140 என்று போட்டு விலை ஏற்றுவார்கள், அது பஸ், டாக்சி மாதிரி பொதுப் பயணிகள் வாகனத்துக்கான டிராக்கர் விதி, டூ வீலருக்குக் கட்டாயம் கிடையாது.

திருடு போனால் முதலில் 112. ஆப்பின் நேரலை இணைப்பை வருகிற போலீஸாரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பத் தயாராக வையுங்கள். புள்ளி காட்டும் இடத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். திரையில் வண்டி எண், நேரம், புள்ளி மூன்றும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டே இருங்கள், கருவி எப்போது பிடுங்கப்படும் என்று சொல்ல முடியாது. போலீஸ் ஸ்டேஷனில் புகாரைப் பெற்றதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பிவிடாதீர்கள், கிளைமுக்கு எஃப்ஐஆர் வேண்டும், பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 303 திருட்டுப் பிரிவில். குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 173-ன்படி மின்னணு வழியிலும் புகார் கொடுக்கலாம், மூணு நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றைக்கே தகவல் கொடுங்கள். ரெண்டு சாவியும் கேட்பார்கள், ஒன்று தொலைந்திருந்தால் இப்போதே எழுத்தில் பதிந்து வையுங்கள். ஸ்டாண்ட் டோக்கனை அன்றன்றைக்குப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வண்டியை அங்கேதான் விட்டீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

வண்டி கிடைத்துவிட்டாலும் நேராக வீட்டுக்கு ஓட்டிவர முடியாது. அது வழக்குச் சொத்து, மாஜிஸ்திரேட் முன்னால் போகும். ஆர்சி, இன்சூரன்ஸ் நகலோடு இடைக்காலப் பொறுப்பில் தரும்படி மனுப்போட்டு, பாண்டு எழுதிக்கொடுத்து எடுக்க வேண்டும். அதுவரை ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நிற்கும், அதனால் மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். எடுத்ததும் ஓட்டும் முன்னால் இன்ஜின், சேசிஸ் நம்பரை ஆர்சியோடு ஒப்பிட்டு, பிரேக் ஒயர், இக்னிஷன் கப்ளர் ரெண்டையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.